நீர்மேற் கோடு

நிலத்தின் பொருட்டு மக்கள் தம்முள் மாறுபட்டுப் பொருதல் பண்டுதொட்டு நிகழ்ந்துவருவதாகும். ஒரு முழ வரப்பின் பொருட்டு உடன்பிறந்தார் இருவர் வழக்காடி, அவ்வழக்கு முடியுமுன் வரப்பின் இருமருங்கிலுமுள்ள வயலை விற்றுவிடுதலை நம் ஊர்களில் இன்றும் காண்கிறோம். எனினும் நில வழக்கில் ஓர் ஆறுதல் உண்டு. வரப்புக் கண்ணுக்குத் தோன்றும். எல்லைக்கல் கைக்கு அகப்படும். ஊரில் முதியார் ஒருவரேனும் அக்கல் யாரால் எப்பொழுது நாட்டப்பட்டதென்று சான்று கூறுவர். கடலில் எழும் வழக்கோ அத்தகையதன்று. ஆண்டு வரப்புமில்லை, கல்லுமில்லை, நேற்றுச் சென்ற வழி இன்று அலையால் அழிந்துபோம். இதனாலன்றோ நம் முன்னோர் நிலையாமைக்கு 'நீர்மேல் எழுத்து' என்று உவமை கூறினர்? இக்காலத்து அரசுகள் நீர்மேற் கோடிட்டு, அக்கோட்டைக் கல்லினும் வலிதாக்கி, கடந்தாரைச் சிறைப்படுத்துகின்றன. நம் தென்கடலில் அக்கோடு இடப்பட்ட வரலாறு யாது, அதனால் விளைந்த குறை யாது, அக்குறை நீங்கும் வழி யாது என்பவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

'கள்ளக்குறிச்சிப் பக்கத்தார்க்குக் கடலைப்பற்றி என்ன கவலை?' என்று நகைப்பாரும் உளர். 2019-ம் ஆண்டு நவம்பர் 26-ம் நாள் விழுப்புரத்தினின்று பிரிந்து தனி மாவட்டமாகிய நம் நாட்டிற்குக் கடற்கரை ஒரு சாணும் இல்லை என்பது மெய்யே. ஆயினும் கல்வராயன் மலையிற் பெய்யும் மழை அங்கேயே தங்கிவிடுவதில்லை. கோமுகி மணிமுத்தாற்றையும், மணிமுத்தாறு வெள்ளாற்றையும் சேர, வெள்ளாறு பரங்கிப்பேட்டைக்கருகில் கடல் புகுகின்றது. குறிஞ்சியில் தோன்றிய நீர் நெய்தலிற் சென்று முடிகின்றது. மேலும், பிறர் இட்ட கோட்டினால் வாழ்வார்க்கு வரும் இடர் யாதென்பதை மலைநாட்டார் தம் பட்டறிவால் உணர்ந்தவர். அதனைக் கட்டுரையின் இறுதியிற் கூறுவேன்.

முதற்கண் கடலடி மேடு என்பது யாதென அறிதல் வேண்டும். கடலின் அடிநிலம் உயர்ந்து, நீர் ஆழங்குறைந்து கிடக்கும் இடத்தை நம் கடலோரத்தார் 'பார்' என்பர். முத்துச்சிப்பி விளையும் இடங்களை முத்துப்பார் என்னும் வழக்கும் இதுபற்றியே வந்தது. ஆழங்குறைந்த இடத்தில் கதிரவன் ஒளி அடிவரை செல்லும். நீரோட்டம் மேட்டின்மேல் மோதி அடியிலுள்ள சத்தினை மேலே கொணரும். அதனால் நுண்ணுயிர் பெருகும். நுண்ணுயிரை உண்ண மீன் திரளும். எனவே நீருக்குள் மறைந்து கிடக்கும் மேடு, கண்ணுக்குப் புலனாகும் தீவினும் செல்வமுடையதாதல் உண்டு. தீவை விரும்புவார் கொடிநாட்ட விரும்புவர். பாரை விரும்புவார் வலைவீச விரும்புவர். இவ்விரு விருப்பங்களும் வெவ்வேறானவை என்பதை நினைவிற்கொள்ளல் வேண்டும்.

சட்டமும் இவ்வேற்றுமையை ஒருவாறு ஒப்புக்கொள்கின்றது. 1982-ம் ஆண்டில் உருவாகி 1994-ம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த ஐக்கிய நாடுகளின் கடற்சட்ட உடன்படிக்கையின்படி, எந்நாளும் மூழ்கியே கிடக்கும் மேடு எந்நாட்டிற்கும் தனிக் கடலுரிமை எதனையும் பெற்றுத்தாராது. ஓதம் வற்றும்பொழுது மட்டும் தலைகாட்டும் திட்டு, கரையினின்றும் 12 கடல் மைலுக்கு அப்பால் இருப்பின், அதன் நிலையும் அதுவே. ஆயின் கரையுடைய நாடு தன் கரையினின்றும் 200 கடல் மைல்வரை மீனுக்கும் கடலடிப் பொருளுக்கும் உரிமை கொள்ளலாம். இரு நாடுகளின் கரைகள் அணுகியிருப்பின் இவ்வுரிமைகள் ஒன்றன்மேல் ஒன்று படிதலின், இடையே கோடிடுதல் இன்றியமையாததாகின்றது.

தீவின்மேல் உள்ள பற்று எத்துணைப் பயனற்றதாகலாம் என்பதற்கு வங்கக் கடலிலேயே ஒரு சான்று உண்டு. 1970-ம் ஆண்டுப் பெரும்புயலின் பின்னர் அரியாபங்கா ஆற்றின் முகத்தில் மணற்றிட்டு ஒன்று தோன்றிற்று. இந்தியா அதனை நியூ மூர் என்றது. வங்காளதேசம் தெற்குத் தல்பட்டி என்றது. இரு நாடுகளும் பல ஆண்டுகள் அதன்பொருட்டு மாறுபட்டு நின்றன. 2010-ம் ஆண்டளவில் அத்திட்டு முற்றிலும் நீரில் மூழ்கியதென ஆராய்ச்சியாளர் அறிவித்தனர். 2014-ம் ஆண்டு ஜூலை 7-ம் நாள் நடுவர் மன்றம் அக்கடலின் எல்லையை வகுத்துத் தீர்ப்பளித்தபொழுது, முன்னர்ப் பூசலுக்குக் காரணமாயிருந்த மணல் அங்கே இல்லை.

இனி நம் தென்கடலுக்கு வருவோம். கன்னியாகுமரிக்குத் தெற்கே, ஏறத்தாழப் பத்தாயிரம் சதுரக் கிலோமீட்டர் பரப்பில் ஒரு பெரும்பார் கிடக்கின்றது. ஆங்கிலேயர் தம் கடற்படத்தில் அதனை வாட்ஜ் பேங்க் என்று குறித்தனர். யாம் வாட்ஜ் மேடு என்போம். குமரிமாவட்ட மீனவர்க்கு அது களஞ்சியம். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இலங்கை அரசு அம்மேட்டை ஆராய்ந்தது. அதன்பின் கொழும்புத் துறையிலிருந்து இழுவைக்கப்பல்கள் ஆண்டுதோறும் அங்கு வந்து மீன்பிடித்தன. கரைக்கருகிலுள்ள சில மைல் நீங்கலாக ஏனைய கடல் எல்லார்க்கும் பொது என்பது அக்காலத்துச் சட்டமாதலின், அதனைத் தடுப்பாரில்லை.

வாட்ஜ் மேட்டிற்கு வடகிழக்கே, இராமேசுவரத்திற்கும் யாழ்ப்பாணத்திற்கும் இடையே கிடப்பது பாக் விரிகுடா. அது ஆழமற்ற, குறுகிய கடல். இருகரையிலும் தமிழ் பேசும் மீனவரே வாழ்கின்றனர். சேதுபதி மன்னர் குத்தகைக்கு விட்டிருந்த சங்குப் படுகையில் சங்கு திருடினார்மேல் எழுந்த வழக்கொன்றில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை உயர்நீதிமன்றம் அவ்விரிகுடாவைப் பொதுக்கடலென்று கொள்ளாது நாட்டு நீரென்றே கொண்டது. அத்துணை நெடுங்காலமாக அந்நீர் ஒரு குடியின் முற்றம்போல ஆளப்பட்டுவந்தது. அதன் நடுவே, 285 ஏக்கர் பரப்புடைய கச்சத்தீவு கிடக்கின்றது. குடிநீரில்லை, குடிகளுமில்லை. வலை உணர்த்துவார் தங்குமிடமாகவும், அந்தோணியார் கோயிலுடைய இடமாகவும் அது விளங்கிற்று. அக்கோயிலை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பியவர் தொண்டியை அடுத்த நம்புதாளையைச் சேர்ந்த சீனிக்குப்பன் படையாச்சி என்பர்.

1921-ம் ஆண்டில் ஆங்கில ஆட்சியின்கீழிருந்த இந்தியப் பேராளரும் இலங்கைப் பேராளரும் கொழும்பில் கூடி, மீன்பிடிப்பின் பொருட்டு ஓர் எல்லையைப் பேசினர். கச்சத்தீவு இலங்கைப்புறம் அமையுமாறு அதற்கு மூன்று மைல் மேற்கே கோடு வகுக்கப்பட்டது. ஆயினும் தீவின்மேலுள்ள உரிமையை இந்தியப் பேராளர் விட்டுக்கொடுத்திலர். அவ்வுடன்பாடு உறுதி செய்யப்படவுமில்லை. நாடுகள் இரண்டும் விடுதலை பெற்றபின் வழக்குத் தொடர்ந்தது. 1974-ம் ஆண்டு ஜூன் 26-ம் நாள் கொழும்பிலும் 28-ம் நாள் புதுதில்லியிலும் கையொப்பமான உடன்படிக்கையால் கச்சத்தீவு இலங்கையைச் சார்ந்தது. அதன் ஐந்தாம் பிரிவு, இந்திய மீனவரும் யாத்திரிகரும் முன்போலவே கடவுச்சீட்டின்றிக் கச்சத்தீவுக்குச் சென்றுவரலாம் என்றது. ஆறாம் பிரிவு, இருநாட்டுக் கலங்களும் வழிவழியாகத் துய்த்துவந்த உரிமைகளை ஒன்றன் நீரில் மற்றொன்று தொடர்ந்து துய்க்கும் என்றது. மீன்பிடித்தல் என்னும் சொல் அவ்விரு பிரிவுகளிலும் இல்லை. ஆயினும் அன்றைய வெளிநாட்டமைச்சர் சுவரண்சிங் நாடாளுமன்றத்தில் மீன்பிடி உரிமை காக்கப்பட்டதென்றே உறுதி கூறினார்.

இரண்டாண்டு கழிந்தது. 1976-ம் ஆண்டு மார்ச்சு 23-ம் நாள் மன்னார் வளைகுடாவிற்கும் வங்கக் கடலுக்கும் எல்லை வகுக்கும் மற்றோர் உடன்படிக்கை ஏற்பட்டது. அதனையொட்டி இருநாட்டுச் செயலாளரும் கடிதம் பரிமாறிக்கொண்டனர். ஒரு நாட்டு மீனவர் மற்றொரு நாட்டின் நீரில் வெளிப்படையான இசைவின்றி மீன்பிடித்தலாகாது என்று அக்கடிதம் கூறிற்று. 'முன்போலவே' என்று 1974-ல் எழுதிய சொல்லின் பொருள் 1976-ல் ஒரு வாக்கியத்தால் ஒழிந்தது. அக்காலம் நெருக்கடிநிலை நிலவிய காலம். தமிழ்நாட்டு அமைச்சரவை 1976-ம் ஆண்டு ஜனவரி 31-ம் நாள் கலைக்கப்பட்டுவிட்டமையால், மீனவர்க்காகப் பேசச் சட்டமன்றமும் இல்லை.

இனி, எண்ணிப் பார்க்கத்தக்க செய்தியொன்றைக் கூறுவேன். அவ்வாண்டுக் கடிதப் பரிமாற்றத்திலேயே வாட்ஜ் மேட்டைப் பற்றிய உடன்பாடும் உள்ளது. அம்மேடு இந்தியாவின் பொருளாதாரக் கடல் எல்லைக்குள் அமைந்தது, அதன் வளத்தின்மேல் இந்தியாவிற்கே முழுவுரிமை என்று இலங்கை ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டவுடன் இலங்கைக் கப்பல்கள் வெறுங்கையோடு அனுப்பப்பட்டனவா? இல்லை. ஆறு கப்பலுக்கு மேற்படாமல் மூன்றாண்டுகள் இசைவுச்சீட்டுப் பெற்று அங்கு மீன்பிடிக்கலாம். ஆண்டொன்றுக்கு 2,000 டன்னுக்கு மேற்படலாகாது என்று வகுக்கப்பட்டது. மூன்றாண்டு கழிந்தபின், இலங்கை விரும்பினால், இருதிறத்தாரும் ஒப்பிய விலைக்கு ஆண்டுதோறும் 2,000 டன் மீனை ஐந்தாண்டுகள் இந்தியா வழங்கும் என்றும் எழுதப்பட்டது. கலத்தின் எண்ணிக்கை, மீனின் அளவு, ஆண்டின் வரையறை, பின்னர் வரும் ஈடு என அனைத்தும் ஒழுங்குபெற எழுதப்பட்டமை காண்க.

கொழும்புத் துறையின் ஆறு பெருங்கப்பல்களுக்கு இத்துணைக் கருத்தோடு வழிவகுத்தவர்கள், பாக் விரிகுடாவின் ஆயிரக்கணக்கான சிறு வள்ளக்காரர்க்கு எழுதியது ஒரு தடைவாக்கியம் மட்டுமே. எத்தனை வள்ளம், எத்தனை நாள், என்ன வலை, எத்தனை ஆண்டு என்று ஒன்றும் எழுதிற்றிலர். இருகரைக் குடிகளையும் அழைத்து ஒரு சொல் கேட்டாரென்பதற்கு உடன்படிக்கையிற் சுவடில்லை. என் கருத்தில், கோடு இடப்பட்டமை குற்றமன்று; கோட்டின்மேல் வாழ்வாரை நினையாமல் இட்டதே குற்றம். இக்குற்றம் நீங்காதவரை, கோட்டை இடம்பெயர்த்து வைப்பதனால் மட்டும் பயனில்லை.

'அற்றன்று; கச்சத்தீவை மீட்பதொன்றே வழி' என்பார் நம்முட் பலர். அவர்தம் மனக்குறை பொய்யன்று. இராமநாதபுரம் ஜமீன் அத்தீவின்மேல் கொண்டிருந்த உரிமைக்கு ஆவணம் உண்டு. 1960-ம் ஆண்டில் பெருபாரி வழக்கில், இந்திய மண்ணைப் பிறநாட்டிற்குக் கொடுப்பதற்கு அரசியற் சட்டத் திருத்தம் வேண்டும் என்று உச்சநீதிமன்றம் கருத்துரைத்தது. கச்சத்தீவின் பொருட்டு அத்தகைய திருத்தம் கொணரப்படவில்லை. அது எல்லை வரையறுக்கப்படாத வழக்கிடமேயன்றி இந்திய மண்ணாகத் தீர்ந்ததன்று என்பது நடுவணரசின் விடை. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 1991-ம் ஆண்டிலும், மறுபடியும் 2025-ம் ஆண்டு ஏப்ரல் 2-ம் நாளும், தீவை மீட்கவேண்டுமென்று தீர்மானம் இயற்றியுள்ளது. அவ்வாண்டு செப்டம்பர் முதல் நாள் இலங்கைக் குடியரசுத் தலைவர் அநுர குமார திசாநாயக்க தாமே அத்தீவிற்குச் சென்று, அதனை விட்டுக்கொடுப்பதற்கில்லை என்பதைக் குறிப்பாலுணர்த்தினார். ஆகவே இருதிறத்தாரும் பாறையைப் பற்றிக்கொண்டு நிற்கின்றனர்.

பாறையைப் பற்றுவதால் வலைக்கு வருவது யாது? எல்லைக்கோடு கச்சத்தீவுக்கு மேற்கே ஏறத்தாழ ஒரு கடல் மைல் தொலைவிலேயே செல்கின்றது. நாளையே அத்தீவு நம்முடையதாயினும், கோடு அதற்கும் நெடுந்தீவுக்கும் இடைப்பட்ட இடத்திற்குச் சில மைல் நகரும், அவ்வளவே. நம் விசைப்படகுகள் பிடிபடுவதோ பெரும்பாலும் நெடுந்தீவுக்கருகிலும் யாழ்ப்பாணக் கரையோரத்திலுமாம். கச்சத்தீவைப் பெற்றுவிட்டால் அவர் சிறைப்படமாட்டார் என்று மேடையில் முழங்குவார், அவ்வேழைகளுக்கு மெய் கூறாதவராவர்.

'சட்டம் சட்டமே, கோட்டைக் கடந்தவன் கள்வன்' என்பார் மற்றொருசாரார். இவர்க்கு உலகவழக்கே விடை பகரும். செங்கடலில் ஹானிஷ் தீவுகளின் பொருட்டு 1995-ம் ஆண்டில் எரித்திரியாவும் ஏமனும் போர்புரிந்தன. நடுவர் மன்றம் 1998-ம் ஆண்டில் ஹானிஷ் தீவுகள் ஏமனுக்கு உரியன என்று தீர்த்தது. ஆயினும் அத்துடன் நில்லாது, இருகரைச் சிறு மீனவரும் வழிவழியாக அங்கு மீன்பிடித்துவந்த முறை என்றும் நிலைபெறல் வேண்டும் என்றது. 1999-ம் ஆண்டின் இரண்டாந் தீர்ப்பில், அவ்வுரிமை கைத்தொழிலாக மீன்பிடிக்கும் சிறியார்க்கே உரியது, பெருந்தொழிற் கலங்கட்கு உரியதன்று என்றும் தெளிவுபடுத்திற்று. ஆஸ்திரேலியாவும் பப்புவா நியூகினியும் 1978-ம் ஆண்டில் செய்துகொண்ட டாரஸ் நீரிணை உடன்படிக்கை, எல்லைக்கோட்டின் இருமருங்கிலும் காப்பிடம் ஒன்று வகுத்து, அந்நீரிணைத் தொல்குடிகள் தடையின்றிப் போய்வரவும் மீன்பிடிக்கவும் இடந்தந்தது. தென்சீனக் கடலில் ஸ்கார்பரோ திட்டின் பொருட்டுச் சீனாவும் பிலிப்பைன்சும் இன்றும் மாறுபட்டு நிற்கின்றன. 2016-ம் ஆண்டு ஜூலை 12-ம் நாள் தீர்ப்பளித்த நடுவர் மன்றம், அத்திட்டு யாருடையது என்னும் வினாவைத் தொடவேயில்லை. ஆயினும் அதனைச் சூழ்ந்த நீரில் பல நாட்டு மீனவர்க்கும் வழிவழி உரிமை உண்டு, அதனைச் சீனா தடுத்தது முறையன்று என்று மொழிந்தது. அத்தீர்ப்பைச் சீனா ஏற்கவில்லை. ஏற்காவிடினும் நெறி ஒன்று புலனாகின்றது. மண் யாருடையதென்பது வேறு. வலை யாருடையதென்பது வேறு. முன்னது தீராதிருப்பினும் பின்னதைத் தீர்த்தல் கூடும்.

எனினும், இந்நெறியை நமக்கு ஆதரவாக எடுத்துக்காட்டுமுன் நாம் ஒன்றை ஒப்புக்கொள்ளல் வேண்டும். வழிவழி வந்த உரிமை வழிவழி வந்த தொழிலுக்கே உரியது. கட்டுமரத்திலும் வள்ளத்திலும் சென்றவர் தம் பாட்டனார் பெயரால் உரிமை கேட்கலாம். கடலடியைச் சுரண்டிச் செல்லும் இழுவைமடியை நம் பாட்டனார் அறியார். 1950-களில் நார்வே நாட்டின் உதவியோடு கொல்லத்திற்கருகில் தொடங்கிய இயந்திர மீன்பிடிப்பு, இறால் ஏற்றுமதியின் ஊதியத்தால் விரைந்து பரவிப் பாக் விரிகுடாவையும் நிறைத்தது. ஆழமற்ற அவ்விரிகுடாவில் இழுவைமடி செல்லுமிடத்தில் மீன்குஞ்சும் பாசியும் சங்கும் ஒருங்கே அழிகின்றன. அரசு விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாளும் நாட்டுப்படகுக்கு நான்கு நாளும் பகுத்துத் தந்தமையே, இவ்விருவகைக் கலங்களும் நம் கரையிலேயே ஒருங்கு தொழில் செய்ய இயலாமைக்குச் சான்று.

அக்கரையின் நிலையைச் சிறிது நினைத்துப் பார்ப்போம். 1983 முதல் 2009 வரை நிகழ்ந்த போரில் யாழ்ப்பாணத்து மீனவரும் மன்னார் மீனவரும் கடலுக்குச் செல்லவும் உரிமையின்றிக் கிடந்தனர். படகிழந்து, வலையிழந்து, உற்றாரை இழந்து மீண்டுவந்து, கடன்பட்டுப் புதுவலை வாங்கிக் கடலில் விரித்தால், அவ்வலையை அறுத்துச் செல்வது நம் கரையினின்று வந்த விசைப்படகு. அறுபட்ட வலைக்குரியவன் பேசும் மொழி தமிழ். வணங்குவது அதே அந்தோணியாரையோ, அதே முருகனையோ ஆம். 'தொப்புட்கொடி உறவு' என்று நாம் மேடையில் உரைக்கும் சொல்லிற்கு அவன்முன் என்ன பொருள்? இலங்கை 2017-ம் ஆண்டில் இழுவைமடியைச் சட்டத்தால் தடுத்தது. அச்சட்டத்தை வேண்டிப் போராடியவருள் வடபுலத் தமிழ் மீனவர் முன்னின்றனர்.

இருபுறத்தும் துன்பமுண்டு. 2024-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் இந்தியப் படகொன்றைப் பிடிக்கும் முயற்சியில் இலங்கைக் கடற்படை வீரர் ஒருவர் உயிர்துறந்தார். ஆகஸ்டு முதல் நாள் இலங்கைக் கடற்படைக் கலம் மோதியதில் நம் மீனவர் ஒருவர் உயிர்துறந்தார். அவ்வாண்டுக் கச்சத்தீவுத் திருவிழாவிற்குச் செல்லாமல் இராமேசுவரம் மீனவர் தம் சினத்தைக் காட்டினர். ஆண்டிற்கொருமுறை இருகரையினரும் ஒரே பலிபீடத்தின்முன் முழந்தாளிடும் நாளும் அவ்வாண்டு கைநழுவிற்று. கடவுச்சீட்டு வேண்டாத அந்நாளை 1974-ம் ஆண்டு உடன்படிக்கை எழுத்திற் காத்தது; அதனை நெஞ்சிற் காக்க எழுத்தால் இயலவில்லை.

ஆயின் செய்யத்தக்கது யாது? முதலாவது, இழுவைமடியைப் பாக் விரிகுடாவினின்றும் நீக்குதல். 2017-ம் ஆண்டில் அரசு இதற்கெனத் திட்டமொன்று வகுத்தது. இழுவைப்படகை ஒப்படைப்பவர்க்கு 80 இலட்சம் ரூபாய் விலையுள்ள ஆழ்கடற் படகில் நூற்றுக்கு எழுபது பங்கை அரசுகள் ஏற்கும் என்றனர். 2,000 படகுகள் மாறவேண்டும் என்பது குறிக்கோள். மாறியவை மிகச் சிலவே. விரிகுடாவில் பொழுதுபுலருமுன் சென்று மறுநாள் கரைசேர்பவர்க்குப் பல வாரம் ஆழ்கடலில் தங்கும் தொழில் வேறொரு தொழிலேயாம். எஞ்சிய கடனும் சிறிதன்று. ஆதலின் திட்டத்தைக் கைவிடாமல், மீனவரைக் கேட்டு அதனைத் திருத்துதல் வேண்டும். ஆழ்கடலை விரும்பாதார்க்குப் படகின் விலையைத் தந்து, வேறு வலைக்கோ வேறு தொழிலுக்கோ வழிசெய்தல் வேண்டும்.

இரண்டாவது, இழுவைமடி நீங்கியபின், நாட்டுப்படகுகட்கு இருநாட்டு நீரிலும் அளவுபட்ட உரிமையை எழுத்திற் பெறுதல். இத்தனை படகு, இந்நாட்கள், இவ்வலை, இவ்வளவு மீன் என்று வாட்ஜ் மேட்டின் உடன்பாட்டில் எழுதியதுபோலவே எழுதலாம். அன்று கொழும்பின் கப்பல்கட்கு நாம் காட்டிய கண்ணோட்டத்தை இன்று இராமேசுவரத்து வள்ளத்திற்கு இலங்கை காட்டவேண்டுமெனக் கேட்பதற்கு நமக்கு முகமுண்டு. இழுவைமடி நம்மிடம் உள்ளவரை அம்முகம் இல்லை. இவ்வரிசையை மாற்றி, முதலில் உரிமை பின்னர்த் திருத்தம் என்று கேட்பின் யாழ்ப்பாணத்தார் எங்ஙனம் இசைவர்?

மூன்றாவது, பேச்சுமேடையில் மீனவரையே அமர்த்துதல். 2004-ம் ஆண்டில் நம் மீனவர் இலங்கைக்குச் சென்றும், 2014-ம் ஆண்டிலும் 2015-ம் ஆண்டிலும் இருநாட்டு மீனவர் சென்னையிற் கூடியும் பேசினர். அப்பேச்சுகள் முற்றும் வெற்றி பெறவில்லை. ஆயினும் இழுவைமடியால் வரும் கேட்டை இருதிறத்தாரும் நேர்முகமாகப் பேசிய இடம் அதுவே. அரசுகளின் கூட்டுக்குழு 2016-ம் ஆண்டில் அமைந்தது. குழுவிற்கும் குடிகளுக்கும் இடையே ஒரு பாலம் வேண்டும்.

வாட்ஜ் மேட்டின் கதையும் முடிந்துவிடவில்லை. அது நமதென்று எழுதிப்பெற்று அரை நூற்றாண்டு ஆகின்றது. அண்மை ஆண்டுகளில் குமரிக்கடலில் எண்ணெய் தேடும் உரிமையை அரசு ஏலத்தில் விட, குமரிமாவட்ட மீனவர் தம் களஞ்சியம் பாழாகுமென்று எதிர்த்தெழுந்தனர். அயல்நாட்டோடு பேசிப்பெற்ற பாரில், நம் குடிகளையே கேளாமல் துளையிடின், 1976-ம் ஆண்டின் குற்றம் மற்றொரு வடிவில் மீளும். இன்னும் தெற்கே, நடு இந்துமாக்கடலின் அடியில் அபனாசி நிகித்தின் என்னும் கடலடி மலையொன்று உண்டு. பதினைந்தாம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த உருசிய வணிகர் ஒருவரின் பெயர் அதற்கு இடப்பட்டது. அதன்மேற் படிந்த கோபால்ட்டு முதலிய கனிகளை ஆராய 2024-ம் ஆண்டு ஜனவரியில் இந்தியா உலகக் கடலடி ஆணையத்தினிடம் விண்ணப்பித்தது. அப்பகுதியைத் தன் கண்டத்திட்டின் நீட்சியென இலங்கை 2009-ம் ஆண்டிலேயே உரிமை கோரியுள்ளது. ஆக, அடுத்த வழக்கும் வாயிலில் நிற்கின்றது.

ஈண்டு நம் மலையைப் பற்றி முன்னர்க் கூறுவதாகச் சொன்னதைக் கூறுவேன். கல்வராயன் மலை நெடுங்காலம் ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தது. கடலில் கோடு இடப்பட்ட அதே 1976-ம் ஆண்டில்தான் அம்மலை அரசின் நேர் ஆளுகைக்கு வந்தது. ஆண்டவர் மாறினர்; ஆயினும் எது காப்புக்காடு, எது குடிகளின் கொல்லை என்னும் கோட்டை மலையாளிக் குடிகள் இட்டாரல்லர். பாட்டன் உழுத நிலத்திற்குப் பேரனிடம் பட்டா இல்லாமை அங்கு வியப்பன்று. எனினும் மலைக்கு ஒரு நன்மை பின்னர் வந்தது. 2006-ம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், யாருக்கு எந்நிலத்தில் என்ன உரிமை என்று ஆராயும் முதற்படியைக் கிராம சபையிடம் ஒப்படைத்தது. நடைமுறையில் குறை பல இருப்பினும், கோட்டினைப்பற்றி முதற்சொல் அங்கு வாழ்வார்க்கே உரியது என்னும் நெறி சட்டத்தில் ஏறிவிட்டது. காட்டிற்கு ஏறிய அந்நெறி கடலுக்கு ஏன் ஏறலாகாது? மலைக்குடி கேட்டுப்பெற்றதைக் கடற்குடி கேட்கும்பொழுது, மலைநாட்டார் அவர்பக்கம் நிற்றல் கடமையன்றோ?

நம் திருமறையில் ஆபிரகாமின் மேய்ப்பர்க்கும் லோத்தின் மேய்ப்பர்க்கும் மேய்ச்சலின் பொருட்டுப் பூசல் நேர்ந்த வரலாற்றை யாவரும் அறிவோம். மூத்தவனாகிய ஆபிரகாம் தன் உரிமையை நாட்டாது, நாம் உறவினர் என்பதை முதலில் நாட்டி, இடத்தைத் தேரும் வாய்ப்பை இளையவனுக்கு அளித்தான். அவன் இழந்தது ஒன்றுமில்லை. அரசுகள் ஆபிரகாமைப்போல் நடக்கவேண்டுமென எதிர்பார்த்தல் பேதைமையாகலாம். ஆயினும் நாளை ஆட்சிப்பணியிலும் சட்டத்துறையிலும் பத்திரிகைத் தொழிலிலும் அமரப்போகும் இக்கல்லூரி மாணவர், கச்சத்தீவென்னும் பெயரைக் கேட்டவுடன் கொதித்தெழுவதோடு நில்லாமல், அப்பெயரின் இருபுறத்தும் வலைவீசும் இருவரையும் ஒருங்கே நினைத்தல் இயலாததன்று. இரு கரைகளிலும் ஒரே மொழியில் பாடி வலையிழுக்கும் அக்குடிகளுக்கு நடுவே கிடக்கும் கோடு, தண்டனைக் கோடாக மட்டும் நில்லாமல் முறைவைத்துத் தொழில் செய்யும் ஒழுங்கின் கோடாகவும் ஆகுக.